கறுப்பு டைரியில் அப்பா

என்னிடம் முதலில் ஒரே ஒரு டைரிதான் இருந்தது. பாகூரில் ஒரு வீட்டில் அதை மறந்து வைத்துவிட்டு வந்த பிறகுதான் இரண்டாயிற்று.

நான் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கிறவள் இல்லை, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறவள். முட்டி மாற்றியவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்தவர்கள் என்று வில்லியனூர் பக்கமும் பாகூர் பக்கமுமாக ஒரு நாளைக்கு ஆறு வீடு, ஏழு வீடு. வீடு வில்லியனூரில். கணவர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் அப்போது பிளஸ் ஒன். இந்த எல்லாவற்றையும் நான் ஒரே டைரியில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘பத்து மணி, முட்டி ஆபரேஷன் ஆனவர், பாகூர்’ என்பதற்குக் கீழே ‘கேஸ் புக் பண்ண வேண்டும்’. அதற்குக் கீழே ‘மகளுக்கு நாப்கின்’. அதற்கும் கீழே, முந்தின நாள் கோபத்தில் பேனா அழுந்த எழுதியது: ‘வெள்ளிக்கிழமை வரை அவரோடு பேசக் கூடாது.’

மறுமுறை போனபோது அந்த வீட்டு மருமகள் டைரியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்கி வெள்ளிக்கெழமதான் மேடம். பேசிடுங்க” என்றாள்.

அன்று அந்த மாமியாரின் முட்டியை மடக்கி நீட்டிய முக்கால் மணி நேரமும் நான் தலை நிமிரவில்லை. திரும்பி வரும் வழியில் வில்லியனூர் கடைத்தெருவில் இறங்கி இரண்டு டைரி வாங்கினேன். ஒன்று கறுப்பு அட்டை, ஒரு நாளுக்கு ஒரு பக்கம், ஓரத்தில் மணி போட்டது. அது வேலைக்கு. மற்றது பூப்போட்ட அட்டை, ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம். அது வீட்டுக்கு. ஒன்றில் எழுத வேண்டியதை மற்றதில் எழுதவே கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “போன்ல போட்டு வெச்சா அதுவா மணி அடிச்சி கூப்புடப் போவுது. ரெண்டு நோட்ட தூக்கிகினு சுத்துறியே.”

மணி அடிப்பதுதான் பிரச்சினை என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. ஒருவருடைய செத்த கையைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது, இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் வழியும்போது, கைப்பைக்குள்ளிருந்து ஒன்று கத்தினால் கையில் இருக்கிறவர் பயந்துபோவார். காகிதம் கத்தாது. நானாகத் திறந்தால்தான் உண்டு.

ஆனால் நான் திறந்துகொண்டே இருந்தேன். ரயில்வே கேட் போட்டிருந்தால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே கறுப்பு டைரி. அடுத்த நோயாளி கதவைத் திறக்க நேரமானால் அதற்குள் பூப்போட்ட டைரி. நோயாளி வீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருப்பேன், மனசு மகளின் கெமிஸ்ட்ரி டியூஷனில் இருக்கும். வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன், மனசு அரியூரில் ஒரு தாத்தாவின் இடுப்பில் இருக்கும். டைரியைப் பிரித்துவிட்டேனே தவிர, என்னை எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை.

அப்பா விழுந்தது ஒரு தை மாதக் காலையில்.

அந்த நேரத்தில் நான் வில்லியனூரில் ஒரு பாய் வீட்டில் இருந்தேன். கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். ஐம்பத்தைந்து வயது. ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆவணியில் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். “வாசல்ல நின்னு எல்லாரையும் நான்தான் வாங்கன்னு சொல்லணும் டாக்டரம்மா. அதுக்கு என்னைத் தயார் பண்ணிக் குடுங்க” என்று முதல் நாளே கேட்டார். நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லியும் அவர் விடவில்லை. கறுப்பு டைரியின் கடைசிப் பக்கத்தில் ‘ஆவணியில் பாய் நிற்க வேண்டும்’ என்று அன்றைக்கே எழுதி வைத்தேன். திங்கள், புதன், வெள்ளி, காலை பத்து மணி அவருடையது.

நோயாளி வீட்டில் போன் எடுப்பதில்லை என்பது இன்னொரு சட்டம். கைப்பைக்குள் அது நடுங்கிக்கொண்டே இருந்தது கேட்டது. பாயின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி முடிந்து கை கழுவித் துடைத்துப் போனை எடுத்துப் பார்த்தால், அம்மா நாலு முறை கூப்பிட்டிருந்தாள்.

“ஒங்கப்பா குளிக்கிற ரூம் வாசல்ல வுழுந்துட்டாரு. வாய் ஒரு பக்கம் கோணிகிச்சி. பக்கத்து வூட்டுக் கார்ல பெரிய ஆஸ்பத்திரிக்கி வந்துட்டோம். நீ எங்கதான் இருக்க?”

நான் எங்கே இருந்தேன் என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. நான் உடனே எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று பிறகு கணவர் சொன்னார். கார் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது, ஆஸ்பத்திரியிலும் உடனே பார்த்துவிட்டார்கள். அது உண்மைதான். ஆனாலும் என் அப்பாவுக்கு வலது கை விழுந்த நேரத்தில் நான் வேறொருவரின் வலது கையை எழுப்பிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

பன்னிரண்டு நாளில் அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு கொஞ்சம் குழறினாலும் வந்துவிட்டது. வலது காலில் லேசாகப் பலம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை. ஊர் கரையாம்புத்தூர் பக்கம். வில்லியனூரிலிருந்து மங்கலம், ஏம்பலம், நெட்டப்பாக்கம் தாண்டிப் போக வேண்டும், ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒன்று போலச் சொன்னார்கள்: “வூட்லயே டாக்டர் பொண்ணு இருக்குது, இன்னா கவல?”

அம்மாவும் அதைத்தான் நம்பினாள். நானும் அதைத்தான் நம்பினேன். வேறு பிசியோதெரபிஸ்ட் யாரையும் பார்க்கவில்லை. அன்றே பூப்போட்ட டைரியில் வாரம் முழுக்க நாள் தவறாமல் ‘அப்பா பயிற்சி’ என்று எழுதினேன். அப்பா என்றால் வீடு. வீடு என்றால் பூப்போட்டது. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

முதல் வாரம் ஐந்து நாள் போனேன். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் மகளுக்குப் பரீட்சை. பாகூரில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். ஒரு நாள் ஸ்கூட்டர் பஞ்சர். போக முடியாத நாளில் ‘அப்பா பயிற்சி’ என்பதிலிருந்து அடுத்த நாளுக்கு ஒரு அம்புக்குறி போடுவேன். வீட்டு டைரியில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பல் டாக்டர், ரேஷன் கார்டு, தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் சொல்வது, எல்லாம் அம்பு ஏறி அடுத்த நாளுக்குப் போகும். கறுப்பு டைரியில் அம்புக்குறியே கிடையாது. அங்கே யாராவது காத்திருப்பார்கள்.

அம்மாவுக்குச் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்பாவின் இரண்டு கையையும் கோத்து மெதுவாகத் தூக்க வேண்டும், தினம் மூன்று வேளை. போனில் கேட்டால், “பண்ணோம் பண்ணோம்” என்பாள். எங்கே பிடிக்க வேண்டும், எதுவரை தூக்க வேண்டும் என்று கேட்டால் பேச்சை மாற்றி, “நீ எப்ப வர?” என்பாள்.

“நாளைக்கி.”

“நேத்தும் நாளைக்கின்னுதான சொன்ன.”

பங்குனியில் ஒரு நாள் பாய் தன் வலது கையைத் தானாகத் தூக்கிப் பரணில் இருந்த செம்புப் பானையைத் தொட்டார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு சேமியா பாயசம் கொண்டுவந்தார். நான் நோயாளி வீட்டில் சாப்பிடுவதில்லை. அன்று குடித்தேன்.

குடித்துக்கொண்டிருக்கும்போது பாய் கேட்டார்: “ஒங்க அப்பாவுக்கும் இதே மாதிரி ஆச்சின்னு சொன்னீங்களே, அவருக்கு யாரு பாக்குறது?”

“நான்தான் பாய்.”

“அப்ப என்னைவிட நல்லா ஆயிருப்பாரு” என்று சிரித்தார்.

அங்கிருந்து நேராக ஊருக்கு வண்டியை விட்டேன். அன்று பதினோரு மணிக்கு இருந்தவரைப் போனில் கூப்பிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. ஏம்பலம் தாண்டியபோதுதான் கடைசியாக அப்பாவைப் பார்த்து எட்டு நாள் ஆகிறது என்று கணக்கு வந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில், வேறு யாருடைய பொருளையோ வைத்திருப்பதுபோல வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைத் தாங்கி மெதுவாகத் தூக்கினேன். தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. அதற்குமுன்பே இறுகிப்போய் நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அப்பா “அய்யோ” என்று கத்தி இடது கையால் என் கையைத் தள்ளினார்.

அந்த இறுக்கம் எனக்குத் தெரியும். எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். நாள் தவறாமல் அசைத்துக்கொண்டிருந்தால் வராத இறுக்கம். அந்த வீட்டு ஆட்களைத் திட்டியும் இருக்கிறேன். “இத்தன பேர் இருக்கீங்க, ஒரு கைய தூக்கி எறக்க ஆள் இல்லியா?” என்று பாகூரில் ஒரு மகனை அவன் பெண்டாட்டி எதிரிலேயே கேட்டிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்து நின்றது அப்போது ஞாபகம் வந்தது. அன்று என் அப்பா வீட்டில் என்னைத் திட்ட யாரும் இல்லை.

“யாம்மா, டெய்லி பண்ணச் சொன்னேனே” என்று அம்மாவிடம் பாய்ந்தேன்.

“தூக்குனா கத்துறாரு. நான் இன்னா படிச்சவளா, எது எலும்பு எது நரம்புன்னு பாக்க? ஒடச்சிப்புட்டா?” அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். “நீ வருவ வருவன்னுதான் பாத்துகினு இருந்தோம்.”

நான் கையை மறுபடி எடுத்தேன். இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம் என்று. அப்படியே, பழக்கத்தில், இடது மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தேன். பன்னிரண்டே காலுக்கு மங்கலத்தில் ஒருவர் இருந்தார்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

“நீ வர்றப்ப எல்லாம் கடியாரத்தயே பாக்குற” என்றார். வார்த்தைகள் குழறி மெதுவாக வந்தன. “மத்தவங்க வூட்லயும் இப்படித்தான் பாப்பியா?”

“இல்லப்பா.”

“ஏன்?”

“அவங்களுக்குன்னு நேரம் எழுதியிருக்கும். அந்த நேரம் அவங்களுதுதான்.”

“எனக்கு எழுதலயா?”

எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, பைக்குள்ளிருந்து பூப்போட்ட டைரியை எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை புரியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவள் ஆதாரம் காட்டுவதுபோலத்தான் நீட்டினேன். அப்பா அதை இடது கையால் வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். அவர் ஆறாவது வரை படித்தவர், எழுத்து நன்றாகவே வரும். ‘அப்பா பயிற்சி’, அம்பு. ‘அப்பா பயிற்சி’, அம்பு. ஒரு வாரம் முழுக்க ஒரே நீளக் கோடு, திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடிந்திருந்தது.

“இன்னாமா இது, கோடா கெடக்குது?”

நான் டைரிக்குக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

“இன்னொண்ணு கறுப்பா ஒண்ணு வெச்சிருப்பியே. அதுல எழுது என்னிய.”

“அது பேஷண்ட்டுக்குப்பா.”

“நான் இன்னா, புது மாப்பிள்ளையா?” என்றார். வாய் கோணிய பிறகு அவர் செய்த முதல் கிண்டல் அதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைரியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து ஸ்கூட்டரின் மேல் கறுப்பு டைரியை விரித்து வைத்து நின்றேன். ஒரு இடமும் காலி இல்லை.

யாரையாவது எடுக்க வேண்டும். முட்டி ஆபரேஷன் ஆனவரை இந்த நேரத்தில் விட்டால் முட்டி மடங்காமலே போய்விடும். இடுப்பு முறிந்த பாட்டிக்கு வேறு யாரும் கிடையாது. நன்றாகத் தேறியவர் ஒருவர்தான் இருந்தார், அன்று காலை பரணில் இருந்த பானையைத் தொட்டவர்.

புதன்கிழமை பாயிடம் சொன்னேன். வாரத்தில் மூன்று நாளுக்குப் பதில் இனிமேல் சனிக்கிழமை மட்டும்தான் நான் வர முடியும், மற்ற நாளுக்கு எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை அனுப்புகிறேன், நன்றாகச் செய்வாள், எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் இடது கையால் வலது கை விரல்களை நீவிக்கொண்டார். “அப்பாவ பாக்க வேணாம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?” என்றார். “ஆனா ஆவணிவரைக்கும்னு நீங்கதான சொன்னீங்க.”

“நின்னுடுவீங்க பாய்.”

“நிப்பேனா?”

நிச்சயம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டேன். வாசல்வரை வந்த அவர் மனைவிதான் நேராகக் கேட்டார்: “நாங்க என்ன தப்பு பண்ணோம், எங்கள தள்ளிட்டீங்க?” தள்ளவில்லை என்று சொன்னேன். டைரியைத் திறந்து காட்டினால் அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்த்தேன். பாய் என்று எழுதி, அடித்து, மேலே அப்பா என்று எழுதியிருந்தேன்.

திங்கள், புதன், வெள்ளி, பதினொன்றரை மணி. அப்பா கறுப்பு டைரிக்குள் வந்தார்.

முதல் திங்கள் அன்று வேண்டுமென்றே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். அம்மா என்னைப் பார்த்து, “இன்னாடி வேஷம் இது?” என்றாள். அப்பா சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்ற இடது கையால் பொத்தானைத் தடவ ஆரம்பித்தார். நோயாளிகளிடம் பேசும் குரலில், நீங்கள் என்று, “நேரா உக்காருங்க” என்று சொன்னேன். அவரும் “சரிங்க” என்றார். அந்த முக்கால் மணி நேரம் நான் வாட்சைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவைப்படவில்லை, அந்த நேரத்தில் நான் வேறு எங்கும் இருக்க வேண்டியதில்லை.

வலி பயங்கரமாக இருந்தது. இறுகின தோளை இளக்குவது சும்மா இல்லை. சூட்டு ஒத்தடம் கொடுத்து, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் பிடித்து மறு கையால் நூலளவு நூலளவாகத் தூக்க வேண்டும். அப்பா பல்லைக் கடிப்பார், பிறகு கெட்ட வார்த்தை சொல்வார், பிறகு அழுவார். “போதும், வுட்டுடுடி, எனக்கு கையே வேணாம்” என்று ஒரு நாள் கும்பிட்டார், ஒரு கையால். மகளாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். “இன்னும் அஞ்சு தடவ” என்றேன்.

விவரம் தெரிந்த பிறகு நான் அப்பாவைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. இப்போது அவருடைய ஒவ்வொரு மூட்டும் எனக்குத் தெரிந்தது. தோளில் சாக்கு மூட்டை தூக்கிக் காய்த்த இடம், கரும்புச் சோகை கிழித்த பழைய தழும்பு, நகம் இல்லாத சுண்டுவிரல். அந்தச் சுண்டுவிரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நினைப்பேன். முக்கால் மணி முடிந்துவிடும். அடுத்த வீடு இருக்கும்.

“சோறு ஆயிடுச்சி, ரெண்டு வாய் துன்னுட்டுப் போ” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மாதம் கழித்துக் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று கைகூப்பாத குறையாக, “வெள்ளிக்கெழம வந்துடுவீங்களா?” என்றாள். விளையாட்டுக்கா கோபத்திலா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஏம்பலம் வரை அந்த ‘வெள்ளிக்கெழம வந்துடுவீங்களா’ காதில் ஓடிக்கொண்டே வந்தது.

வைகாசி முடியும்போது அப்பாவின் கை காதுவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை, இனி வராது என்றும் எனக்குத் தெரிந்தது. சீக்கிரம் தொடங்கியிருந்தால் வந்திருக்கும். விரல்கள் டம்ளரைப் பிடித்தன, பொத்தானைப் போட முடியவில்லை. நாலு கால் கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். வெளியே மட்டும் வர மறுத்தார். கோணின வாயை ஊர் பார்க்கும் என்று.

பாயின் வீட்டில் நான் அனுப்பிய பெண்ணிடம் அவர் முகம் கொடுக்கவில்லை. பாதி நாள் உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினாராம். சனிக்கிழமை நான் போனால் சொன்னதைச் செய்வார், முன்போலப் பேசமாட்டார். ஆவணியில் நிக்காஹ் நடந்தது. போயிருந்தேன். மண்டப வாசலில் தடி ஊன்றி நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கால் நடுங்குவது தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. யாரோ நாற்காலி போட்டார்கள். மீதிப் பேரை உட்கார்ந்துதான் வாங்க என்றார். என்னைப் பார்த்ததும், “வாங்க டாக்டரம்மா, சாப்டாம போகக் கூடாது” என்றார். மூன்று நாளும் நானே போயிருந்தால் கடைசிவரை நின்றிருப்பாரா? நிற்காமலும் போயிருக்கலாம். பிரியாணியை இலையில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தேன்.

அந்த வாரம் பூப்போட்ட டைரியின் ஞாயிற்றுக்கிழமையில் ‘அப்பா வீடு’ என்று மட்டும் எழுதினேன். பயிற்சி என்று எழுதவில்லை. என்ன செய்வது என்றும் எழுதவில்லை. இந்த முறை அம்பு போடக் கூடாது என்று மட்டும் தீர்மானமாக இருந்தேன். மகளுக்கு அன்று ஒரு டெஸ்ட், கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வருகிற நேரம், பால் தீர்ந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

கோட்டு இல்லாமல் புடவையில் போய் நின்றதும் அப்பா குழம்பிப்போனார். “இன்னிக்கி ஞாயித்துக்கெழமயாச்சே” என்றார். என்றாலும் சட்டைப் பொத்தானில் இடது கை போனது.

“பயிற்சி இல்லப்பா. சும்மா வந்தேன்.”

“சும்மாவா? அங்க யாருக்கு ஒடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை. அம்மா கறி வாங்க ஆள் அனுப்பினாள். நான் ஜன்னல் கம்பியைத் துடைத்தேன், மாத்திரை டப்பாவை அடுக்கினேன், கம்பின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மா உக்கார மாட்டியா நீ?”

“எங்கயாச்சும் போலாமாப்பா?” என்றேன். என்னால் அந்த அறையில் இருக்க முடியவில்லை என்பதால்தான் கேட்டேன், வேறு எந்த நல்ல எண்ணமும் இல்லை.

அவர் நீண்ட நேரம் வாசலையே பார்த்தார். “டீக்கடைக்கிப் போலாம்” என்றார்.

கடை நூறு அடி தூரம்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், கொஞ்சம் தள்ளினால் மாநில எல்லை, அந்தப் பக்கம் தமிழ்நாடு. நின்று நின்று போக இருபது நிமிடம் ஆயிற்று. வலது பாதம் தரையைத் தேய்க்கிறது, இடுப்பு சாய்கிறது, முட்டி பின்னால் போகிறது என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். வாயைத் திறக்காமல் இருக்க நான் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. கடையில் இருந்த ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் கடையின் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

“வாப்பா, இம்மா நாளா எங்க போன?” என்று ஒருவர் கேட்டார், அப்பா ஏதோ வெளியூருக்குப் போயிருந்ததுபோல.

“கை கால் ரிப்பேரு” என்றார் அப்பா. “பொண்ணு பாத்துகிச்சி.”

கடைக்காரர் கண்ணாடி டம்ளரில் அரைக்கு மேல் ஊற்றாமல் டீ கொடுத்தார். அப்பா வலது கையால் வாங்கினார். டம்ளர் ஆடியது. டீ விளிம்பில் ஏறி விரலில் வழிந்து வேட்டியில் சொட்டியது. என் கை தானாக நீண்டது, மணிக்கட்டைத் தாங்க. அவர் பார்த்த பார்வையில் கையை மடியில் வைத்துக்கொண்டேன். டம்ளர் ஒருவழியாக வாய்க்குப் போனது.

அவர்கள் கரும்பு பற்றிப் பேசினார்கள். மில்லிலிருந்து இன்னும் வெட்டு ஆர்டர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை, யாரோ ஏக்கர் முழுக்கச் சவுக்கு போட்டுவிட்டார்கள். அப்பா இரண்டு வார்த்தை சொல்வார், குழறும், யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள், புரிந்ததுபோலவே பேச்சு நகரும். என் பைக்குள் போன் நடுங்கியது. மகள். பிறகு கணவர். பால் எங்கே என்று இருக்கும். டெஸ்ட் முடிந்துவிட்டது என்று இருக்கும். இரண்டு பேருக்கும் வந்துவிடுகிறேன் என்று மட்டும் செய்தி அனுப்பினேன். எப்போது என்று எழுதவில்லை.

“காலை ஆட்டாத” என்றார் அப்பா.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் பெஞ்சுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, பெஞ்சே லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆட ஆரம்பித்தது.

அம்மா ரோட்டில் வருவது தெரிந்தது. எங்களைக் காணாமல் தேடி வந்தவள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, “கறி ஆறுது” என்று கத்தினாள். நான் எழுந்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை. கடைக்காரரைப் பார்த்து இடது கையின் இரண்டு விரலைக் காட்டினார்.

“இன்னும் ரெண்டு டீ” என்றார். “இவளுக்குச் சக்கர கம்மியா.”

எனக்குச் சர்க்கரை கம்மியாக வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நின்றபடியே யோசித்தேன். பிறகு உட்கார்ந்தேன்.